ஓசையே வினையாகும் இடம்

எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஒரு கோடையில் திடீரென்று தண்ணீர் இறைக்க மறுத்தபோது, வெளியூரிலிருந்த அதன் விற்பனையாளருக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இலக்கணப் பிழை ஏதும் இல்லாத, மரியாதை குறையாத கடிதந்தான்; ஆனால் அதில் விஷயம் என்று இருந்த ஒரே வாக்கியம், மோட்டார் பெரிய சப்தம் போடுகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து வந்த பதிலில், என்ன மாதிரியான சப்தம் என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார்கள். அன்று மாலை மோட்டாரின் அருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெடுநேரம் விட்டால் சுருள் கருகிவிடும் என்ற பயத்தோடு, சுவிட்சைப் போடுவதும் உடனே நிறுத்துவதுமாக ஐந்தாறு முறை காது கொடுத்துக் கேட்டேன். உலோகம் உராயும் கிறீச்சொலி இல்லை. தளர்ந்த போல்ட் ஆடும் கடகடப்பும் இல்லை. அச்சு சுழலாமலே, தேனடைக்குள்ளிருந்து வருவதுபோல், ஒரே சீரான முரலல் மட்டும் வந்துகொண்டிருந்தது. 'தி மோட்டார் ஹம்ஸ், பட் டஸ் நாட் ஸ்டார்ட்' என்று எழுதி அனுப்பினேன். அந்த வாரமே வந்த மெக்கானிக் வேறு எதையும் கழற்றிப் பார்க்கவில்லை, பையிலிருந்து ஒரு கண்டென்சரை எடுத்து மாற்றினார், மோட்டார் ஓடிற்று. ஒரு பக்கக் கடிதத்தால் ஆகாத காரியம், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் அடங்கும் 'ஹம்' என்ற வினைச்சொல்லால் ஆயிற்று.

இவ்வத்தியாயம் அத்தகைய சொற்களைப் பற்றியது. கேட்ட ஓசையை அப்படியே வாயால் பின்பற்றிப் பிறந்த இவற்றைச் சமஸ்கிருத இலக்கணிகள் அநுகரண சப்தங்கள் என்றும், நாம் ஒலிக்குறிப்புச் சொற்கள் என்றும் வழங்குகிறோம். பள்ளிக்கூடத்தில் இவை கவிதைப் பாடத்தின் நடுவே ஓர் அலங்காரமாக அறிமுகமாகி, பரீட்சையோடு மறக்கப்பட்டுவிடுவதால், கவிஞர்களுக்கு மட்டுமே உரிய ஆபரணங்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. உண்மையில் இவை புழங்கும் இடம் முறையீட்டுக் கடிதமும் சமையற் குறிப்பும் வைத்தியருக்கு எழுதும் சீட்டுந்தான். இரவில் தந்தையாருக்கு 'மூச்சுக் கஷ்டம்' என்று எழுதுவதற்கும், அவர் 'வீஸ்' செய்கிறார் என்று எழுதுவதற்கும் உள்ள தூரம், நோய் இன்னதென்று தெரியாததற்கும் ஏறக்குறைய தெரிந்துவிட்டதற்கும் உள்ள தூரமாகும். இழுப்பினால் நெஞ்சில் எழும் அந்தச் சீழ்க்கையொலியைக் குறிக்கும் வினையைத்தான் 'வீஸிங்' என்று நம் வீடுகளில் பாட்டிமார்கூட இன்று சொல்லுகிறார்கள். காது 'ரிங்' செய்கிறது, முழங்கால் 'க்ளிக்' செய்கிறது, வயிறு 'ரம்பில்' செய்கிறது என்று எழுதினால் வைத்தியர் பாதிக் கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை.

நமக்கு ஏன் இச்சொற்கள் எளிதில் கைவருவதில்லை என்பதற்குக் காரணம் நம் பாஷையின் செல்வத்திலேயே இருக்கிறது. தமிழில் ஓசையைச் சொல்ல 'என்று' என ஒரு பாலம் உண்டு. ஓடை சலசலவென்று ஓடிற்று, கதவு படாரென்று சாத்திக்கொண்டது, தேங்காய் தொப்பென்று விழுந்தது என்னும்போது, ஓசை ஒரு கரையிலும் செயல் மறு கரையிலும் நிற்க, 'என்று' இரண்டையும் இணைக்கிறது. இது பழமையான ஏற்பாடு. 'என' என்னும் இடைச்சொல்லுக்கு இசைப்பொருளும் உண்டென்பதைத் தொல்காப்பியர் இடையியலிலேயே வகுத்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பாலம் இல்லை. அங்கே ஓசையே கரையேறி வந்து வினையாக நிற்கிறது. கதவு படாரென்று சாத்திக்கொண்டதை அவர்கள் 'தி டோர் பேங்ட் ஷட்' என்று முடித்துவிடுகிறார்கள். 'படார்' என்பதே அங்கே பயனிலை. பாலத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க முயல்கிறவர் 'தி டோர் க்ளோஸ்ட் வித் எ பிக் சவுண்ட்' என்று எழுதி, ஓசையைத் தொலைத்துவிட்டு ஓசை இருந்தது என்ற செய்தியை மட்டும் தருகிறார். சலசலத்தது, படபடத்தது, முணுமுணுத்தான் என்று ஓசையையே வினையாக்கும் வழக்கம் தமிழிலும் இருக்கிறதல்லவா? ஆங்கில வாக்கியம் எழுத உட்காரும்போது 'சலசலவென்று ஓடிற்று' என்ற வடிவத்தை மனத்திலிருந்து ஒதுக்கி, 'சலசலத்தது' என்ற வடிவத்தை நினைவில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரட்டைக்கிளவியை மட்டும் அங்கே எடுத்துப் போகக் கூடாது. மணி 'ட்ரிங் ட்ரிங்' என்று அடித்ததாக எழுதுவது குழந்தைகளின் படப் புத்தகத்துக்குத் தகும், கடிதத்துக்குத் தகாது. 'ராங்' என்ற ஒரு சொல் போதும்.

இனி, நூற்றுக்கணக்கில் இருக்கும் இச்சொற்களில் எதை எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. அகராதியைப் புரட்டுவதற்குமுன் சொல்லின் உடலைத் தொட்டுப் பார்க்கும்படி நான் சொல்லுவேன். கழுத்தின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பாம்பின் சீற்றத்துக்கு உரிய 'ஹிஸ்' என்ற சொல்லை நீட்டிச் சொல்லுங்கள். இறுதி ஸகரத்தில் தொண்டை அசையாது, காற்று மட்டும் வெளியேறும். அடுத்து, வண்டின் ரீங்காரத்துக்கு உரிய 'பஸ்' என்ற சொல்லை அதே போல் நீட்டுங்கள். நம் லிபியில் இதற்கு வேறு எழுத்து இல்லாமையால் நாம் ஏறிப் போகும் பஸ்ஸைப் போலவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்துக்கு உரிய ஒலியோடு இதை முடித்தால் விரலுக்கடியில் தொண்டை அதிர்வது தெரியும். பாம்புக்கு அதிர்வில்லை, வண்டுக்கு அதிர்வு உண்டு. சொற்களும் அப்படியே அமைந்திருக்கின்றன. டயரிலிருந்து காற்று வெளியேறும்போது அது ஹிஸ் செய்யும். பழுதான மின்விளக்கின் சோக் பஸ் செய்யும். இரண்டையும் மாற்றி எழுதினால் படிக்கிறவர் வேறு இடத்தில் பழுதைத் தேடுவார்.

இவ்வாறே முடிவெழுத்துகள் பலவற்றுக்கும் ஒரு ஸ்வபாவம் உண்டு. 'டாப்', 'ராப்', 'ஸ்னாப்', 'பாப்', 'நாக்' என்று வல்லொற்றில் டக்கென முடியும் சொற்கள், எழுந்த கணமே அறுந்துபோகும் ஓசைகளுக்கு உரியவை. 'ஹம்', 'பூம்', 'க்ளாங்', 'ரிங்' என்று மெல்லொற்றில் முடிபவை, அடித்த பின்னும் சற்று நேரம் நிலவும் ஓசைகளுக்கு உரியவை. கோயில் மணி 'டாப்' செய்யாது. கதவைத் தட்டும் விரல் 'க்ளாங்' செய்யாது. 'ராட்டில்', 'க்ராக்கில்', 'ரஸில்', 'கர்கில்' முதலிய சொற்களின் ஈற்றில் வரும் 'இல்', ஓசை சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப எழுவதைக் காட்டுகிறது. நம் இரட்டைக்கிளவி செய்யும் வேலையை அங்கே இந்த விகுதி செய்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். சுள்ளி ஒருமுறை முறிந்தால் 'க்ராக்', அடுப்பில் படபடவென்று வெடித்துக்கொண்டே எரிந்தால் 'க்ராக்கில்'. நடுவிலுள்ள உயிரும் சும்மா இருப்பதில்லை: கண்ணாடி டம்ளர்கள் மெல்ல மோதினால் 'க்ளிங்க்', சங்கிலி புரண்டால் 'க்ளாங்க்', கனத்த இரும்புப் பெட்டியின் மூடி விழுந்தால் 'க்ளங்க்' என்று, பொருள் கனக்கக் கனக்க உயிரும் வாய்க்குள் பின்வாங்கிக் கனக்கிறது. மூக்கைச் சார்ந்த ஓசைகளான 'ஸ்னிஃப்', 'ஸ்னீஸ்', 'ஸ்னோர்', 'ஸ்னார்ட்' ஆகியவை ஒரே தலையோடு நிற்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இப்படிச் சொற்கூட்டங்களில் பொதுவாக ஒலித்துப் பொதுப் பொருளைச் சுமக்கும் ஒலிக்கூறுகளுக்கு, ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலறிஞர் 1930இல் 'ஃபோனெஸ்தீம்' என்று பெயரிட்டார்.

ஆனாலும் ஓசையைக் கேட்டாலே சொல் தானாக வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே சேவலை நாம் கொக்கரக்கோ என்று கேட்கிறோம், ஆங்கிலேயர் காக்-அ-டூடில்-டூ என்று கேட்கிறார்கள். அநுகரணச் சொற்களிலும் பாதி மரபே என்பதைப் பிரெஞ்சுமொழி பேசிய ஜெனீவா அறிஞர் ஸொஸ்யூரின் நூல் 1916லேயே எடுத்துக்காட்டிற்று. காலமும் ஓசையைத் தேய்த்துவிடுகிறது. சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்' என்ற சொல்லிலும், இருமலைக் குறிக்கும் 'காஃப்' என்ற சொல்லிலும், இன்று பிடிவாதமாக எழுதப்படும் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு காலத்தில் தொண்டையின் ஆழத்திலிருந்து காறி எழும் ஒலிக்கு அடையாளமாக இருந்தவை. அவ்வொலியோடு 'காஃக்' என்று சொல்லிப் பாருங்கள், இருமல் வந்துவிடும்.

இப்போது, இவ்வினைகளின் மிகச் சிறந்த பிரயோகமும், நம்மவர் மிகவும் தடுமாறும் இடமுமாகிய ஒன்றுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஓசையைச் சொல்லும் வினை, பக்கத்தில் திசை காட்டும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால், அப்படியே செலவை, அதாவது இடம் பெயர்தலைச் சொல்லும் வினையாகவும் மாறிவிடும். 'தி டிரெயின் ரம்பில்ட் இன்டு தி ஸ்டேஷன்' என்ற வாக்கியத்தில் 'வந்தது' என்ற சொல்லே இல்லை. ஆயினும் ரயில் தடதடத்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நாம் இதே செய்தியைச் சொல்ல 'தடதடத்துக்கொண்டு' என்று ஒரு வினையெச்சமும் 'வந்தது' என்று ஒரு முற்றும் வேண்டும். தமிழில் செலவுக்கு உரிய வினைதான் முற்றாக நின்று வாக்கியத்தைத் தாங்கும். ஆங்கிலத்திலோ ஓசை முற்றாகி, செலவு 'இன்டு' என்ற சிறு சொல்லுக்குள் ஒடுங்கிவிடுகிறது. லாரி பாலத்தைக் கடந்து 'ராட்டில்ட் ஓவர்', தோட்டா காதைத் தாண்டி 'விஸில்ட் பாஸ்ட்', பட்டுப்புடவை உடுத்த பெண்மணி அறைக்குள் 'ரஸில்ட் இன்டு', ஓடை பாறைகளுக்கிடையே 'கர்கில்ட் டௌன்' என்று எத்தனை வாக்கியங்களை வேண்டுமானாலும் இவ்வழியில் அமைக்கலாம். 'கேம் வித் எ ராட்டிலிங் ஸவுண்ட்' என்று நாம் ஐந்து சொல்லில் இழுப்பதை, அவர்கள் ஒரு வினையிலும் திசை காட்டும் ஒரு சொல்லிலும் முடிக்கிறார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை அறியாமல் இவ்வழியில் இறங்குகிறவர் விழுவார். செல்லும் செயலாலேயே அந்த ஓசை எழுந்திருக்க வேண்டும். ரயில் ஓடுவதனால்தான் தடதடக்கிறது. தோட்டா பறப்பதனால்தான் சீழ்க்கையடிக்கிறது. நடப்பதனால்தான் பட்டு சரசரக்கிறது. ஆனால் நாய் ஓடுவதனால் குரைப்பதில்லை. ஓடும்போது குரைக்கிறது, அவ்வளவே. ஆகவே தெருவில் குரைத்துக்கொண்டே ஓடிய நாயை 'தி டாக் பார்க்ட் டௌன் தி ஸ்ட்ரீட்' என்று எழுதினால் ஆங்கிலச் செவிக்கு உறுத்தும். 'ரான் பார்க்கிங்' என்று இரண்டு வினைகளாகப் பிரிக்க வேண்டும். கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனதற்கும் இதே விதிதான்: ஹாரன் ஓட்டுகிறவரின் கையால் எழுவது, சக்கரத்தால் எழுவதன்று. என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: பொருளை மனத்தில் அசையாமல் நிறுத்திப் பாருங்கள்; ஓசையும் நின்றுவிட்டால் ஒரே வினையாக எழுதுங்கள்; நின்ற இடத்திலும் ஓசை கேட்குமானால் இரண்டாகப் பிரியுங்கள்.

பிராணிகளின் குரல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும் என்ற மரபுச் சொற்களை நாம் சிறுவயதில் எப்படிக் கற்றோமோ அப்படியே, குதிரைக்கு 'நெய்', ஆட்டுக்கு 'ப்ளீட்', தவளைக்கு 'க்ரோக்', ஆந்தைக்கு 'ஹூட்' என்று பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

மனிதக் குரலுக்கு வரும்போது நிதானம் வேண்டும். நம்முடைய 'முணுமுணுத்தல்' என்ற ஒரு சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதிருப்தியோடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது 'மட்டர்'; வாயைச் சரியாகத் திறக்காமல், அரைத்தூக்கத்திலோ கூச்சத்திலோ தெளிவின்றிச் சொல்வது 'மம்பில்'; தணிந்த, இனிய, தொடர்ந்த குரல் 'மர்மர்'. நோயாளி ஏதோ சொன்னார், புரியவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் 'மட்டர்ட்' என்று எழுதிவிட்டால், அந்த மனிதர் உங்கள்மேல் குறைபட்டுக்கொண்டார் என்று அர்த்தமாகிவிடும். மேலதிகாரி கடுமையாகப் பேசினார் என்று மனு எழுதுகிறவர் பலர், அகராதியில் கண்ட 'பார்க்ட்' என்ற சொல்லை அதன் வேகத்துக்காக எடுத்தாளுகிறார்கள். குரைத்தார் என்ற அர்த்தத்தை அது ஒருபோதும் முழுதாக உதறுவதில்லை. மனுவைப் படிக்கிறவருக்கு உங்கள் மனஸ்தாபம் தெரியுமே ஒழிய நடந்த விஷயம் தெரியாது. 'ஷௌட்டட்' என்று எழுதுங்கள். உரத்த குரல் என்பது காது கேட்ட செய்தி, அதை யாரும் மறுக்க முடியாது. கதையிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் 'ஸ்னாப்ட்', 'க்ரௌல்ட்' எல்லாம் தாராளமாக வரலாம். சிரிப்புக்கு 'கிகில்', 'சக்கில்' என்று ஏற்கெனவே பல சொற்கள் இருந்தும் போதாமல், 'சக்கில்' என்பதையும் மூக்கால் எழும் 'ஸ்னார்ட்' என்பதையும் கூட்டி 'சார்ட்டில்' என்று ஒன்றை லூயிஸ் காரல் 1871இல் படைத்தார். குழந்தைகளுக்கென்று எழுதிய புத்தகத்தில் பிறந்த அச்சொல் இன்று அகராதிகளில் அமர்ந்திருக்கிறது.

சமையற்கட்டில் இவ்வினைகள் அலங்காரமல்ல, கடிகாரம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும் என்று நாம் சொல்லும்போது, நிமிஷக் கணக்கைவிட நிச்சயமான ஓர் அளவைச் சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும் நம் நாட்டுச் சமையல் நூல்கள் இதற்கு 'ஸ்ப்ளட்டர்' என்ற சொல்லைப் பெரிதும் விரும்பி ஆளுகின்றன. கொதிக்கும் எண்ணெய் தெறித்து இரைவதற்கு அது பொருந்துவதே. ஆயினும் கடுகு ஒவ்வொன்றாக வெடித்துத் துள்ளும் அந்தக் கணத்துக்கு 'பாப்' என்ற சொல்லே இன்னும் கூர்மையானது என்பது என் அபிப்பிராயம்; வாணலியைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்கிறவருக்கும் அந்தச் சொல் சமயத்தைச் சொல்லிவிடும். தோசைக்கல்லில் தெளித்த நீர் சுர்ரென்று ஆவியாவது 'ஸிஸில்'. ரஸம் கொதிக்காமல் ஓரத்தில் நுரை கூடி மெல்ல முனகும் பதம் 'சிம்மர்'. இச்சொல்லும் அந்த முனகலைப் பின்பற்றிப் பிறந்ததே. அடுப்பைச் சிம்மில் வை என்று நம் வீடுகளில் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்தப் பழைய ஓசையின் தலைத்துண்டு நம் நாவில் வருகிறது.

ஓசை அறவே போய்விட்டு வினை மட்டும் நிலைத்துவிட்ட சொற்களும் உண்டு. முதல் உலக யுத்த காலத்து விமானிகள், விமானம் இரைந்துகொண்டு செங்குத்தாக மேலேறுவதை 'ஸூம்' என்றார்கள். இன்று காமிரா லென்ஸ் சிறு ஒலியும் இன்றி ஸூம் செய்கிறது. கம்ப்யூட்டர் 'க்ராஷ்' ஆகும்போதும் எதுவும் நொறுங்கும் சத்தம் கேட்பதில்லை. இத்தகைய இடங்களில் ஓசையைத் தேட வேண்டாம். சாதாரண வினையாகவே ஆளலாம்.

எழுத்துக்கூட்டலில் ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லி விடுகிறேன். குற்றுயிரும் அதை அடுத்து ஒரே மெய்யுமாக முடியும் ஓரசைச் சொற்கள், இறந்த காலத்தில் அந்த மெய்யை இரட்டித்துக்கொள்ளும்: 'ஹம்' என்பதற்கு இரண்டு எம், 'ஸ்னாப்' என்பதற்கு இரண்டு பி. மெய் இரண்டாக முடியும் 'தம்ப்', நெட்டுயிர் கொண்ட 'பூம்' ஆகியவை இரட்டியா. ஓசை வினைகளில் ஏறக்குறைய எல்லாமே 'எட்' விகுதியை ஏற்பவை. மாறி நிற்பது 'ரிங்' ஒன்றே எனலாம். அதுவும் ஆதியில் விகுதி ஏற்ற வினையாக இருந்து, 'ஸிங், ஸாங், ஸங்' என்பதன் ஜாடையைப் பார்த்து 'ராங், ரங்' என்று மாறிக்கொண்டதாகும். அந்த ஜாடையை மற்றவற்றின்மேல் ஏற்றாதீர்கள். 'பிங்' என்பதற்கு இறந்த காலம் 'பிங்ட்' தான்.

அப்பியாசத்துக்கு நான் கொடுப்பது மழை. சென்ற ஐப்பசியில், என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் ஒரு பெண்ணைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, 'ரெயின்' என்ற சொல்லையும் 'ஸவுண்ட்' என்ற சொல்லையும் ஒருமுறைகூட எழுதாமல் மழையை எழுது என்றேன். முதல் துளிகள் வாழையிலைகளின்மேல் 'பாட்டர்ட்' என்று தொடங்கினாள். பிறகு தகரக் கூரை 'ட்ரம்ட்' என்றாள். தூம்புக் குழாய் 'கர்கில்ட்' என்றாள். பக்கத்து வீட்டுச் சைக்கிள் ஒன்று சேற்றில் 'ஸ்ப்ளாஷ்ட் பாஸ்ட்' என்று, நான் சொல்லிக்கொடுத்த செலவு வினையைத் தானாகவே எடுத்து வைத்திருந்தாள். மழை விட்டு, தெரு அடங்கி, கூரை விளிம்பிலிருந்து நெடுநேரம் ஒவ்வொன்றாக நீர் சொட்டிக்கொண்டிருந்ததற்குக் கடைசி வரியில் 'ட்ரிப்ட்' என்று எழுதி நோட்டை நீட்டினாள். ஒரு பி குறைந்திருந்தது, சேர்த்துக் கொடுத்தேன்.